மீசை வைத்த கொக்கி

ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகிறது. என் போனுக்கு வரும் படங்களில் பாதி கல்யாணப் பத்திரிகை, மீதி கொக்கி. மரம் ஏறுகிறவர்கள் இடுப்புப் பெல்ட்டில் மாட்டுகிற கொக்கி. ஆரஞ்சு, நீலம், கறுப்பு என்று மினுங்குகிற கொக்கிகளைப் படம் பிடித்து, "அண்ணே, இதுல எது வாங்கலாம்?" என்று எங்கள் கம்பெனி ஆட்கள் கேட்கிறார்கள். புது பெல்ட்டுகள் வாங்கப் போகிறார்களாம். "சின்னதா, குண்டா இருக்கிறத வாங்குங்கப்பா" என்று நானும் பதில் அனுப்புகிறேன். "ஏன்ணே?" என்று உடனே அடுத்த கேள்வி வருகிறது. போனைத் தட்டித் தட்டி என் கட்டைவிரல் மரத்துப் போனதுதான் மிச்சம்.

சரி, ஒரேயடியாக எழுதிக் கொடுத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, கொக்கியைப் பற்றி மட்டும் எழுதி என்னால் நிறுத்த முடியாது. நான் ஒரு பொய்க் கையெழுத்துப் போட்டதையும் சேர்த்து எழுத வேண்டும். அந்தக் கையெழுத்தால் என் தங்கச்சி புருஷன் உயிர் போகப் பார்த்தது. இத்தனை வருஷம் அதை என் தங்கச்சியிடம் நான் சொல்லவில்லை.

என் பெயர் சோலைமலை, அவனியாபுரத்துக்காரன். மதுரையில் கல்லூரி, ஆஸ்பத்திரி, மண்டபம் என்று எங்கே மரம் கட்டடத்தின் மேல் சாய்ந்தாலும் போய்க் கிளை கழித்துக் கொடுக்கிற கம்பெனி ஒன்றில் முப்பது வருஷம் வேலை பார்த்தேன். அதில் முதல் பதினைந்து வருஷத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். லுங்கியை மடித்துக் கட்டினேன், ஏறினேன், வெட்டினேன், இறங்கினேன். பாதுகாப்பு ஏற்பாடு என்றால் ஏறுமுன் அழகர்மலை இருக்கும் திசை பார்த்து ஒரு கும்பிடு, அவ்வளவுதான். இரண்டு தடவை விழுந்திருக்கிறேன். ஒரு தடவை வைக்கோற்போர் மேல், இன்னொரு தடவை முதலாளியின் ஸ்கூட்டர் மேல். முதலாளி இரண்டாவதற்குத்தான் ரொம்ப வருத்தப்பட்டார்.

என் தங்கச்சி பாண்டீஸ்வரியை மேலூரில் கட்டிக் கொடுத்திருந்தோம். மாப்பிள்ளை தவமணி கிரானைட் குவாரியில் வேலை பார்த்தவன். குவாரி மூடியதும் எங்கள் கம்பெனியில் சேர்த்துவிட்டேன். சேர்ந்த அன்றைக்கு ஈஸ்வரி போன் போட்டாள். "அண்ணே, ஒன்ன நம்பித்தான் அனுப்புறேன். அனுப்புனது மாதிரியே சாயங்காலம் திருப்பி அனுப்பிரு" என்றாள். ஏதோ இரவல் கொடுத்த பாத்திரத்தைப் பற்றிப் பேசுகிற மாதிரி சொன்னாள். நானும் சிரித்துக்கொண்டே சரி என்றேன்.

தவமணி நல்ல உடம்புக்காரன், நல்ல மனசுக்காரன், எதைச் சொன்னாலும் நம்புகிறவன். இப்படி ஒருத்தன் மைத்துனனாக வாய்த்தால் யார்தான் சும்மா இருப்பார்கள்? அவன் உச்சிக் கிளையில் நிற்கும்போது, "மாப்ள, ஈஸ்வரி வந்துருக்கா!" என்று கத்துவேன். அவன் வாயிலிருக்கும் பீடியை எங்கே ஒளிப்பது என்று தெரியாமல் சட்டைப்பையில் போட்டுச் சுட்டுக்கொள்வான். "மாப்ள, பின்னாடி டவுசர் கிழிஞ்சிருக்கு" என்பேன். ஒரு கையால் கிளையையும் ஒரு கையால் பின்பக்கத்தையும் பிடித்துக்கொண்டு இறங்கி வருவான். நாலைந்து வருஷத்தில் அவன் தேறிவிட்டான். நான் கீழேயிருந்து எதைச் சொன்னாலும் நம்புவதை நிறுத்திவிட்டான். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், இதுதான் பின்னால் என் கழுத்தைப் பிடித்தது.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் முதலாளிக்குப் புத்தி வந்து, கயிறும் பெல்ட்டும் போட்டு ஏறும் முறையைக் கொண்டுவந்தார். பெல்ட் என்றால் பேண்ட்டுக்குப் போடுவது இல்லை. இடுப்பையும் இரண்டு தொடையையும் சுற்றி வரும், நாற்காலியில் உட்கார்கிற மாதிரி உட்கார்ந்துகொண்டே வேலை பார்க்கலாம். கம்பெனிக்காரர்கள் அதைச் சேடில் என்பார்கள். அதன் முன்பக்கம் ஒரு குட்டிக் கயிறு வளைந்து தொங்கும். மேலே கிளையில் போட்ட ஏறுகயிற்றை இந்தக் குட்டிக் கயிற்றோடு இணைப்பது ஒரே ஒரு கொக்கி. ஏறுகிற ஆளின் மொத்த எடையும் அந்தக் கொக்கியில்தான் நிற்கும்.

முதலாளி பெல்ட் வாங்கினாரே தவிர, கொக்கியை எங்களையே பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். தவமணி மேலூர் போய்ப் பழைய குவாரியிலிருந்து ஒரு கொக்கி கொண்டுவந்தான். கல் தூக்குகிற கிரேனில் மாட்டுவது. இரண்டு கையால் தூக்க வேண்டும். "மச்சான், இது யானையத் தூக்கும்" என்றான். தூக்கும்தான், யார் இல்லை என்றது? ஒரு பெண்கள் கல்லூரியில் அதை மாட்டிக்கொண்டு வேப்பமரத்தில் ஏறினான். ஒவ்வொரு எட்டுக்கும் அந்தக் கொக்கி ஆடி ஆடி அவனை ஒரே இடத்தில் இடித்தது. எந்த இடம் என்று எழுதமாட்டேன். பத்தடி ஏறி இறங்கி வந்தவன் கால்மணி நேரம் குனிந்தே நின்றான். வகுப்பு முடிந்து வந்த பிள்ளைகள் அவன் எதையோ தொலைத்துவிட்டான் என்று நினைத்துக் கூடச் சேர்ந்து தேடின.

அடுத்து நான் என் புத்திசாலித்தனத்தைக் காட்டினேன். டவுனுக்குள் ஒரு கடையில் நீளமாக, பளபளவென்று, கையில் எடுத்தால் கனமே தெரியாத கொக்கிகள் தொங்கின. சிவப்பு நிறம் வேறு. பார்த்ததும் வாங்கி வந்துவிட்டேன். வீட்டில் என் மகள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "அப்பா, இதுல பொடி எழுத்துல ஏறுறதுக்கு இல்லன்னு போட்டுருக்கு, சாவி மாட்டுறதுக்கு" என்றாள். அதற்குள் அதில் தொங்கி நான் ஒரு வாரம் வேலை பார்த்து முடித்திருந்தேன்.

இந்த நிலைமையில்தான் ரெஜினா மேடம் வந்தார். உயரமான கட்டடங்களில் கயிற்றில் தொங்கி வேலை பார்க்கிறவர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர், எங்களுக்குப் பாதுகாப்பு அதிகாரி. என்னைவிடப் பத்து வயது சின்னவர். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. அவருக்குத் தேவையெல்லாம் ஒரே வார்த்தை. "பெல்ட்டெல்லாம் பார்த்தாச்சு மேடம்" என்போம். "காட்டுங்க" என்பார். "கயிறு புதுசு மேடம்." "காட்டுங்க." காட்டும்வரை மூக்குக் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துக்கொண்டே நிற்பார். கண்ணாடி எவ்வளவு நேரம் துடைக்கப்படுகிறது என்பதை வைத்து நமக்கு எவ்வளவு கெட்ட நேரம் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம். திட்டுகிற அதிகாரிகளிடம் நான் பொய் சொல்லிப் பிழைத்திருக்கிறேன். இந்த அம்மாவிடம் அது நடக்கவில்லை.

வந்த முதல் வாரம் எங்கள் கொக்கிகளையெல்லாம் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, அவனியாபுரத்தில் எனக்குத் தெரிந்த லாரிப் பட்டறைக்குக் கூட்டிப்போகச் சொன்னார். அங்கே பாரம் இழுக்கும் சங்கிலி ஒன்று இருந்தது. என் சிவப்புக் கொக்கியை அதில் மாட்டி, தெறித்தால் தடுக்க நடுவில் மணல் மூட்டை அடுக்கி, எல்லாரையும் வாசலுக்கு அனுப்பிவிட்டு இழுக்கச் சொன்னார். அது கொக்கி என்பதையே மறந்து நேர்க் கம்பியாகிவிட்டது. நான் ஒரு வாரம் அதில் தொங்கியவன் என்பதால் யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அடுத்து தன் பையிலிருந்து இரண்டு கொக்கி எடுத்தார். ஒன்று நீளமானது, இன்னொன்று என் உள்ளங்கைக்குள் அடங்கும், ஆனால் தடியானது. இரண்டுமே நல்ல சரக்கு. நீளவாக்கில் இழுத்தபோது இரண்டும் அசையவில்லை. பிறகு நீளமானதைக் குறுக்கே புரட்டி மாட்டி இழுக்கச் சொன்னார். பட்டென்று கதவு பிய்த்துக்கொண்டு மூட்டையில் போய்ச் செருகியது. கதவு என்பது கொக்கியில் திறந்து மூடுகிற பக்கம். "நீளமா இருந்தா இடுப்புல தொங்கும்போது புரண்டு படுத்துக்கும். புரண்டுச்சுன்னா பாரம் முழுசும் கதவு மேல. சின்னதுக்குப் புரள இடம் கிடையாது. வயித்துலயும் இடிக்காது" என்றார். வேடிக்கை பார்த்த கூட்டத்தில் மாட்டுப்பொங்கலுக்குக் காளை விடுகிற ஒருத்தர் இருந்தார். "தாயி, அந்தச் சின்னதுல ஒண்ணு குடுங்க, நம்ம காளைய வாடிவாசல் வரைக்கும் புடிச்சுட்டுப் போக ஆகும்" என்றார். மேடம் முதன்முதலாகச் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

இப்போது கேட்கிறவர்களுக்குப் பதில் இதுதான். கொக்கியின் முதுகில் மூன்று எண் செதுக்கியிருக்கும். முதல் எண் நீளவாக்கில் எவ்வளவு தாங்கும், இரண்டாவது குறுக்கே எவ்வளவு, மூன்றாவது கதவு திறந்துகிடந்தால் எவ்வளவு. கடைக்காரர் முதல் எண்ணை மட்டும்தான் காட்டுவார். நீங்கள் மற்ற இரண்டையும் பாருங்கள், அவை பெரும்பாலும் முதல் எண்ணில் மூன்றில் ஒரு பங்குதான் வரும். எண்ணே இல்லாத கொக்கியில் வீட்டுச் சாவியை மாட்டுங்கள். தினமும் திறந்து மூடுகிற இடத்தில், மூடியதும் தானே பூட்டிக்கொள்கிற குட்டிக் கொக்கி போடுங்கள். மாதக்கணக்கில் திறக்காத இடத்தில் ஸ்பானர் போட்டு இறுக்குகிற திருகு வளையம் போதும். நிறம் உங்கள் இஷ்டம்.

நல்ல கொக்கி வாங்கினால் மட்டும் தீர்ந்துவிடாது என்று மேடம் தினமும் காலையில் ஒரு சடங்கு வைத்தார். திற, விடு, திருகு, அமுக்கு. கதவைப் பாதி திறந்து விரலை எடுக்க வேண்டும். அது தானாக வந்து 'டக்' என்று சாத்த வேண்டும். நாம் தள்ளிச் சாத்தினால் கணக்கில் வராது. பிறகு கதவின் மேலிருக்கும் உறை திரும்பிப் பூட்டியிருக்கிறதா பார்த்து, கட்டைவிரலால் கதவை அமுக்கிப் பார்க்க வேண்டும். கடைசியாக நகத்தால் வழித்துத் தேய்மானம் இருக்கிறதா என்று பார்த்து, ரிஜிஸ்டரில் கையெழுத்து. நான் மூத்தவன் என்பதால் எல்லாருடைய கொக்கிக்கும் கையெழுத்துப் போடுவது என் வேலை ஆனது. எனக்கு அதில் ரொம்பப் பெருமை. என் கையெழுத்தில் கடைசிச் சுழியை அந்தக் காலத்தில்தான் நீட்டிப் போட ஆரம்பித்தேன்.

இனி அந்த ஆயுதபூஜை. எங்கள் குடோனில் ரம்பம், அரிவாள், கயிறு, பெல்ட் எல்லாவற்றையும் கழுவி அடுக்கி, சந்தனம் குங்குமம் வைத்து, பொரிகடலை படைத்துக் கும்பிடுவோம். அன்றைக்கு எதையும் தொடக் கூடாது. மறுநாள் விஜயதசமியன்று எடுத்து, சின்னதாக ஒரு வேலையாவது பார்த்துவிட வேண்டும். அந்த வருஷம் சந்தனம் வைக்கிற பொறுப்பு என்னுடையது. எல்லாரும் வைக்கிற மாதிரி ஒரு பொட்டு வைத்துவிட்டுப் போக எனக்கு மனசு வருமா? ஒவ்வொரு கொக்கியிலும் முகம் வரைந்தேன். இரண்டு குங்குமக் கண், ஒரு சந்தன மூக்கு. தவமணியின் கொக்கிக்கு மட்டும் பெரிய மீசை. உடம்பிலிருந்து கதவு வரைக்கும், குறுக்கே, குழைத்து அப்பி, முறுக்கிவிட்ட மீசை. எல்லாரும் சிரித்தார்கள். தவமணியே போட்டோ எடுத்துக்கொண்டான்.

மேடமும் வந்து கும்பிட்டு, சுண்டல் வாங்கிச் சாப்பிட்டார். போகும்போது என்னைக் கூப்பிட்டார். "சோலைமலை, அழகா இருக்கு. நாளைக்கு எடுக்கும்போது எல்லாத்தையும் சுடுதண்ணியில கழுவி, பார்த்துட்டுக் கையெழுத்துப் போடுங்க. நான் நாளைக்கு வேற சைட்டுக்குப் போறேன்" என்றார். "சரிங்க மேடம்" என்றேன். காட்டுங்க என்று சொல்ல நாளைக்கு அவர் இருக்க மாட்டார் என்பது என் காதில் நன்றாக விழுந்தது.

மறுநாள் காலை, சுடுதண்ணீர் வைத்தேன். அது பொய் இல்லை. ஆனால் விஜயதசமி அதுவுமாகச் சாமிக்கு வைத்த சந்தனத்தைக் கழுவிச் சாக்கடையில் விடுவதா என்று மனசு கேட்கவில்லை. இன்னைக்கு ஒரு நாள் இருக்கட்டும், சாயங்காலம் கழுவிக்கலாம் என்று நினைத்தேன். உள்ளதைச் சொன்னால், மீசை அழிந்துவிடுமே என்றும் இருந்தது. ரிஜிஸ்டரை எடுத்து, நீட்டிய சுழியோடு ஆறு பேர் கொக்கிக்கும் வரிசையாகக் கையெழுத்துப் போட்டேன். ஒரு கொக்கியைக்கூடத் திறந்து பார்க்கவில்லை. சுடுதண்ணீரில் நான் குளித்துவிட்டேன்.

அழகர்கோவில் போகும் ரோட்டில் ஒரு கல்யாண மண்டபம். அதன் சமையல்கூடத்து ஓட்டின் மேல் தூங்குமூஞ்சி மரத்தின் கிளை ஒன்று சாய்ந்திருந்தது. நல்ல நாளுக்கு ஏற்ற சின்ன வேலை. தவமணி ஏறினான், நான் கீழே. வழக்கமாக ஏறுமுன் கொக்கி 'டக்' என்று சாத்தும் சத்தத்தைக் கீழே நிற்கிறவன் கேட்க வேண்டும். அன்றைக்கு மண்டபத்தில் ரேடியோ செட் கட்டி அம்மன் பாட்டு போட்டிருந்தார்கள். டக்கும் கேட்கவில்லை, ஒன்றும் கேட்கவில்லை. நானும் தாளம் போட்டுக்கொண்டே கட்டைவிரலை உயர்த்தி ஏறச் சொல்லிவிட்டேன்.

மூன்று மாடி உயரத்துக்குப் போய்விட்டான். இடுப்பில் தனிக் கொக்கியோடு இன்னொரு குட்டைக் கயிறு உண்டு, ஓரிடத்தில் நின்றதும் அதையும் கிளையில் சுற்றி மாட்டிக்கொள்ள வேண்டும். அடுத்த கிளைக்கு நகர்வதற்காக அதைக் கழற்றியிருந்தான். அந்த நேரம் ஒரு பாட்டு முடிந்து அடுத்த பாட்டு இன்னும் தொடங்கவில்லை. மேலேயிருந்து சிரித்துக்கொண்டே சொன்னான்: "மச்சான், நீ வரைஞ்ச மீச நடுவுல பொளந்து நிக்குதுய்யா!"

எனக்கு அரை நொடியில் புரிந்துவிட்டது. மீசையின் ஒரு பாதி உடம்பில், மறுபாதி கதவில். மீசை பிளந்திருக்கிறது என்றால் கதவு சாத்தவில்லை. காய்ந்த சந்தனம் கீலுக்குள் புகுந்து இறுகிவிட்டது. கதவு திறந்த கொக்கியில், தன் மொத்த உடம்பையும் தொங்கவிட்டுக்கொண்டு, அவன் மீசையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறான். கயிறு ஒரு விரல்கடை நகர்ந்தால் வெளியே வந்துவிடும். அதற்குள் அடுத்த பாட்டு தொடங்கிவிட்டது.

ஓடிப்போய் செட்டின் வயரைப் பிடுங்கினேன். மண்டபத்து வாட்ச்மேன் என்னை அடிக்க வந்தார், அவரைத் தள்ளிவிட்டு மரத்தடிக்கு ஓடிவந்தேன். "மாப்ள, அசையாத. கிளையக் கட்டிப் புடி. குட்டக் கயித்த மாட்டு" என்றேன்.

"ஏன், டவுசர் கிழிஞ்சிருக்கா?" என்றான். காலை வேறு ஆட்டிக் காட்டினான்.

"மாப்ள, வெளையாட்டு இல்ல. கொக்கி சாத்தல."

"நேத்து மீச வரைஞ்ச, இன்னைக்கு கொக்கி சாத்தலங்கிற. நீ கையெழுத்துப் போட்டதுதான மச்சான், அம்புட்டும் பாத்துட்டுத்தான போட்ட?"

விளையாடி விளையாடியே என் பேச்சை நம்பாதவனாக அவனை ஆக்கி வைத்தவன் நான். அன்றைக்கு அவன் நம்பிய ஒரே விஷயம் என் கையெழுத்து, அது பொய். கத்தினால் பதறி உதறிக்கொண்டு திரும்புவான். சிரித்தால் சிரிப்பான். கடைசியில் மெதுவாகத்தான் சொன்னேன். "தவமணி, நான் பாக்காமத்தான்யா கையெழுத்துப் போட்டேன். ஈஸ்வரி மேல சத்தியம்."

அவனை மாப்ள என்று கூப்பிடாமல் பெயர் சொல்லி நான் கூப்பிட்டது அன்றைக்குத்தான். தங்கச்சி மேல் சத்தியம் செய்ததும் அன்றைக்குத்தான். அவன் சிரிப்பு நின்றது. இடது கையால் கிளையைக் கட்டிப்பிடித்து, வலது கையால் குட்டைக் கயிற்றை எடுத்துக் கிளையைச் சுற்றினான். முதல் தடவை மாட்டவில்லை. இரண்டாவது தடவை மாட்டியது. அந்த 'டக்' மூன்று மாடிக்குக் கீழே எனக்குத் தெளிவாகக் கேட்டது.

இடுப்பில் இருந்த பாட்டில் தண்ணீரை ஊற்றி, அவனே கொக்கியைக் கழுவி, நாலைந்து தடவை திறந்து மூடினான். சந்தனம் கரைந்து அவன் சட்டையெல்லாம் வழிந்தது. கதவு ஒழுங்காகச் சாத்திய பிறகும் உடனே இறங்கவில்லை. நல்ல நாளில் எடுத்த வேலையை அரைகுறையாக விடக் கூடாதாம். பென்சில் அளவு ஒரு குச்சியை ஒடித்துக் கீழே போட்டுவிட்டுத்தான் இறங்கினான். இறங்கியதும் என்னை அடிப்பான் என்று நினைத்தேன். "மச்சான், டீ வாங்கிக் குடுய்யா" என்றான்.

சாயங்காலம் மேடம் வந்தார். நான் ரிஜிஸ்டரையும் தவமணியின் போனில் இருந்த மீசைப் படத்தையும் அவர் மேஜையில் வைத்தேன். அவர் 'காட்டுங்க' என்று சொல்லாமலே நான் எதையாவது காட்டியது அதுதான் முதல் தடவை. நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன், குளித்தது உட்பட. வேலை போய்விட்டது என்று வீட்டில் எப்படிச் சொல்வது என்பதுவரை யோசித்து வைத்திருந்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு படத்தைப் பார்த்தார், ரிஜிஸ்டரைப் பார்த்தார். "மீசை நல்லா இருக்கு. கையெழுத்துதான் நல்லா இல்ல" என்றார்.

ரிஜிஸ்டரை மூடிவைத்தார். "நாளையிலேர்ந்து நீங்க யார் கொக்கிக்கும் கையெழுத்துப் போட வேண்டாம். தவமணி கொக்கிய மட்டும் தினமும் அவர் கண்ணு முன்னாடி நீங்க பாருங்க. திருப்தியா இருந்தா அவர் கையெழுத்துப் போடட்டும்."

"எத்தன நாளைக்கு மேடம்?"

"அவர் ஏறுற வரைக்கும்."

அடுத்த பூஜையிலிருந்து, தேய்ந்து கழித்துப்போட்ட கொக்கி ஒன்றுக்கு மட்டும்தான் சந்தனம் என்றும் அவரே சொன்னார். அதற்கு எவ்வளவு பெரிய மீசை வேண்டுமானாலும் வரைந்துகொள்ளலாம் என்றார். தவமணிக்குக் கிடைத்த அதிகாரத்தை அவன் வீணாக்கவில்லை. தினமும் காலையில் நான் கொக்கியைத் திறந்து, விட்டு, திருகி, அமுக்கிக் காட்டுவேன். "சரியாக் கேக்கல மச்சான், இன்னொரு தடவ" என்பான். சில நாள் டீ குடித்து முடிக்கும்வரை செய்ய வைப்பான். நான் ஒரு நாளும் எதிர்த்துப் பேசியதில்லை. மழைக்காலத்தில், காய்ச்சலில், என் மகள் கல்யாணத்துக்கு முதல் நாள்கூடப் போய்ப் பார்த்தேன். ஓய்வு பெற்ற பிறகும் போன வருஷம் அவன் ஏறுவதை நிறுத்தும்வரை, காலையில் ஷேர் ஆட்டோ பிடித்துக் குடோனுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். கம்பெனியில் எனக்குப் பொழுது போகவில்லை என்று நினைத்துக்கொண்டார்கள்.

இதையெல்லாம் எழுதி முடித்ததும், அடுத்தவர்கள் கண்ணில் படுமுன் ஈஸ்வரிக்குப் படித்துக் காட்டிவிட வேண்டும் என்று தோன்றியது. போன ஞாயிற்றுக்கிழமை மேலூர் போனேன். தவமணி கறி எடுக்கக் கடைக்குப் போயிருந்தான். அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். "ஒங்கிட்டச் சொல்லாத ஒண்ணு இருக்குத்தா" என்று தொடங்கி, முழுவதையும் படித்தேன். அவள் தலை நிமிரவே இல்லை. படித்து முடித்ததும் ஒரு கொத்து உருவி முடித்து அடுத்த கொத்தை எடுத்தாள்.

"அவரு அன்னைக்கே சொல்லிட்டாருண்ணே" என்றாள்.

"தெரிஞ்சும் இம்புட்டு வருசமா ஒரு வார்த்த கேக்கலையே?" என்றேன்.

"கேக்கணும்னுதான் மறுநா சாயங்காலம் கெளம்பி நின்னேன். அதுக்குள்ள அவரு வேல விட்டு வந்து, 'ஒங்கண்ணன் இன்னைக்கு என் கொக்கிய நாலு தடவ பாத்தாரு'ன்னாரு. யோசிச்சுப் பாத்தேன். நான் வந்து கேப்பேன், நீ அழுவ, நான் பரவால்லண்ணேன்னு சொல்லிருவேன். ஒனக்கு மனசு லேசாயிரும். அப்பறம் மூணு தடவ பாப்ப. அப்பறம் ரெண்டு தடவ. எதுக்கு வம்புன்னு விட்டுட்டேன்."

சுளகில் கிடந்த கீரையை ஒருபக்கமாக ஒதுக்கிவிட்டு, அப்போதுதான் என் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"இப்பத்தான் அவரு எறங்கிட்டாருல்ல. அழுகுறதுன்னா இப்ப அழுதுக்கண்ணே."